போருக்கு முன் ஒரு ஞாயிறு: மலேசியத் தமிழ்ச் சபைகளின் மேய்ப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு,
2003 மார்ச் 10

மலேசியாவிலுள்ள தமிழ்ச் சபைகளின் பேராயர்களுக்கும், குருமாருக்கும், போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும்:

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய ஐயாமார்களே, அம்மையார்களே,

கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் தோத்திரம்.

வருகிற ஞாயிறு மார்ச் 16ஆம் நாள். அதற்கு மறுநாளை ஈராக்குக்குக் கடைசிக் கெடுவாக வைக்கும் தீர்மான வரைவை அமெரிக்காவும் பிரிட்டனும் ஸ்பெயினும் கடந்த வெள்ளிக்கிழமை ஐக்கிய நாட்டுச் சபையின் பாதுகாப்பு மன்றத்தில் முன்வைத்திருக்கின்றன. வளைகுடாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறார்கள். ஆகவே, இந்த ஞாயிறு நீங்கள் செய்யப்போகும் பிரசங்கம், போர் தொடங்குவதற்கு முன் உங்கள் சபையார் கேட்கும் கடைசிப் பிரசங்கமாக இருக்கக்கூடும். அந்தப் பிரசங்கத்தைக் குறித்தே இதை எழுதுகிறேன்.

நான் குருப்பட்டம் பெற்றவன் அல்லன். பினாங்கில் ஒரு தமிழ்ச் சபையின் உறுப்பினன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுப்பவன். இந்தப் போரைக் கிறிஸ்துவின் நாமத்தில் ஆசீர்வதிக்க முடியாது என்பதை நீங்கள் பீடத்திலிருந்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கான காரணத்தை அன்றாட அரசியலின் வசதியிலிருந்து எடுக்காமல் சுவிசேஷத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டாவது விண்ணப்பம் முதலாவதைவிடக் கடினமானது. மடல் நீள்வதற்கு அதுவே காரணம்.

சபைக்குள் அரசியல் பேசலாகாது என்று நம்மில் பலர் உண்மையான பக்தியோடு நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நாம் தமிழருக்குள் கிறிஸ்தவர்களாகவும், கிறிஸ்தவருக்குள் தமிழர்களாகவும், இரண்டு பக்கமும் சிறுபான்மையாக வாழ்பவர்கள். வாயை அடக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பது தோட்டப்புறக் காலத்திலிருந்தே நமக்குப் பழகிப்போனது. மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஆம் அதிகாரம் அந்தப் பழக்கத்துக்கு வேத ஆதாரமாக வந்து சேர்ந்தது. ஆனால் பவுல் அந்த வசனத்தை எழுதுவதற்குச் சற்று முன்பாக, 12ஆம் அதிகாரத்தின் முடிவில், உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனங்கொடு என்றும், தீமையை நன்மையினாலே வெல்லு என்றும் எழுதியிருக்கிறார். நிருபத்தை முதன்முதலில் கேட்ட ரோமாபுரிச் சபையாருக்கு அதிகார எண்கள் கிடையா; இரண்டையும் அவர்கள் தொடர்ச்சியாகவே கேட்டார்கள். தவிர, இந்தப் போருக்கு ஆயத்தம் செய்யும் அதிகாரங்கள் நம்மை ஆளும் அதிகாரங்களும் அல்ல. வாஷிங்டனின் முடிவைக் குறித்து நாம் மௌனமாயிருக்க வேண்டும் என்று ரோமர் 13ஆம் அதிகாரத்தைக் கொண்டு யாரும் நிறுவ முடியாது.

போருக்கு முந்திய நாளில் தேவனுடைய ஜனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காண விரும்புகிறவர்கள் 1 இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தைத் திறக்க வேண்டும். ராமோத் கீலேயாத் சீரியரின் கையில் இருக்கிறது. அது எங்களுக்கு உரியது என்கிறான் இஸ்ரவேலின் ராஜாவாகிய ஆகாப். அவன் உரிமைக்கோரலில் நியாயமும் இருந்தது, ஏனெனில் அது காத் கோத்திரத்துக்கு உரிய அடைக்கலப்பட்டணம். துணைக்கு வரும்படி அவன் யூதாவின் ராஜாவாகிய யோசபாத்தை அழைக்கிறான். யோசபாத் பக்திமான். வருகிறேன் என்று முதலில் வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு கர்த்தருடைய வார்த்தையை விசாரிக்கச் சொல்கிறான். ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் கூடுகிறார்கள். அத்தனை பேரும் ஒரே வாயாய், போம், ஆண்டவர் அதை ராஜாவின் கையில் ஒப்புக்கொடுப்பார் என்கிறார்கள். சிதேக்கியா என்பவன் இருப்புக் கொம்புகளைச் செய்துகொண்டு வந்து, இவைகளால் சீரியரை முட்டி அழிப்பீர் என்கிறான். அதையும் கர்த்தருடைய பெயராலேயே சொல்கிறான்.

இந்த அதிகாரத்தில் நான் மறுபடியும் மறுபடியும் போய் நிற்கும் இடம், அந்த நானூறு பேரில் சேராத மிகாயா என்ற தீர்க்கதரிசியை அழைத்துவரப் போன தூதனின் பேச்சு. அவன் கெட்டவன் அல்லன். எல்லாத் தீர்க்கதரிசிகளும் ராஜாவுக்கு நன்மையாகவே சொல்லியிருக்கிறார்கள், உம்முடைய வார்த்தையும் அவர்கள் வார்த்தையைப் போலவே இருக்கட்டும் என்று வழியிலேயே நயமாகப் புத்தி சொல்கிறான். சபை நிர்வாகக் குழுக்களில் அமர்ந்தவர்கள் எல்லாருக்கும் பழக்கமான குரல் அது. ஒற்றுமை குலையக்கூடாது, நேரம் சரியில்லை, பேசி என்ன ஆகப்போகிறது என்று அந்தக் குரல் அக்கறையோடுதான் பேசும். மிகாயாவோ இஸ்ரவேலர் எல்லாரையும் மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல மலைகளில் சிதறக் கண்டதாகச் சொன்னான். அதற்குக் கன்னத்தில் அறையும் சிறைச்சாலையும் அவனுக்குக் கிடைத்தன. அதன் பிறகு நடந்ததைப் பற்றி நாம் அதிகம் பிரசங்கிப்பதில்லை. கர்த்தருடைய தீர்க்கதரிசி ஒருவன் வேண்டும் என்று கேட்டவனாகிய யோசபாத், அந்தத் தீர்க்கதரிசி சொன்னதைத் தன் காதாலேயே கேட்ட பின்பும், ஆகாபோடு போருக்குப் போனான். தேவனுடைய வார்த்தையைக் கேட்பதில் அவனுக்கு ஆர்வம் இருந்தது. கொடுத்த வாக்கை அதற்காகத் திரும்பப் பெறுவதற்கு மட்டும் மனம் வரவில்லை. இந்த வாரத்தில் ஆகாபைவிட யோசபாத்தே நமக்குக் கிட்டத்தில் நிற்கிறான் என்று நினைக்கிறேன்.

நானூறு பேரின் குரல் இன்றும் கேட்கிறது. கடந்த அக்டோபரில் அமெரிக்காவின் தென்னகப் பாப்டிஸ்ட் தலைவர்களில் ஒருவரான ரிச்சர்ட் லேண்டும் வேறு நான்கு சுவிசேஷகத் தலைவர்களும் அதிபர் புஷ்ஷுக்குக் கடிதம் எழுதி, திட்டமிடப்படும் இந்தப் போர் நியாயமான போருக்குரிய இலக்கணங்களுக்குப் பொருந்துகிறது என்றார்கள். சனவரி 28ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரசில் ஆற்றிய உரையில் அதிபர், ஆட்டுக்குட்டியானவரின் இரத்தத்தைப் போற்றும் ஒரு பழைய ஞானப்பாட்டின் சொற்களை எடுத்து, அந்த வல்லமை அமெரிக்க மக்களின் நற்குணத்திலும் விசுவாசத்திலும் இருப்பதாகச் சொன்னார். மீட்பருக்கு உரியதை ஒரு தேசத்துக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மிகாயாக்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் அநீதியாகும். அதிபர் புஷ் உறுப்பினராயிருக்கும் ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் பேராயர் மன்றத் தலைவரே, முந்திக்கொண்டு தாக்கும் போர் சுவிசேஷத்துக்கு ஒவ்வாதது என்று கடந்த அக்டோபரில் ஆயர் மடல் எழுதினார். போர் எப்போதும் மானிடத்துக்குத் தோல்வியே என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சனவரி 13ஆம் நாள் தூதுவர்களிடம் கூறினார். கடந்த வாரம் சாம்பல் புதன்கிழமையைச் சமாதானத்துக்கான உபவாச நாளாக அறிவித்து, அதே நாளில் கர்தினால் பியோ லாகியை நேரில் அனுப்பி அதிபரிடம் பேசச் செய்தார். உலகத் திருச்சபைகள் மன்றமும் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறது. பிற நாட்டுச் சபைகள் இவ்வளவும் பேசியிருக்கும்போது, தமிழில் ஆராதிக்கும் நம் சபைகளிலிருந்து நம் ஜனங்களின் காதில் விழும்படி ஒரு வார்த்தை வர வேண்டாமா?

இதைவிட அதிகமாக என்னைக் கலங்கச் செய்வது வேறொன்று. ஈராக் பழைய பாபிலோன் தேசம் என்பதாலும், பாபிலோனின் வீழ்ச்சி வெளிப்படுத்தின விசேஷத்தில் சொல்லப்பட்டிருப்பதாலும், வரப்போகும் போர் கடைசிக்கால அட்டவணையில் ஏற்கெனவே குறித்துவைக்கப்பட்டது என்று போதிக்கும் ஒலிநாடாக்களும் குறுந்தட்டுகளும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. இந்தப் போதனையைக் கேட்பவர்கள் போருக்காக அழுவதை விட்டுவிட்டு, அதற்காக ஆவலோடு காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நடக்கவேண்டியது நடக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால், குண்டின் கீழே இருக்கும் தாயும் பிள்ளையும் கண்ணுக்கு மறைந்துபோகிறார்கள்.

அதே பாபிலோனைக் குறித்து எரேமியா என்ன எழுதினார் என்பதை அந்தக் குறுந்தட்டுகள் சொல்வதில்லை. எந்தப் பட்டணத்துக்குச் சிறைப்பட்டுப்போனீர்களோ அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள் என்ற 29ஆம் அதிகாரத்து வசனத்தை நாம் சுதந்திர தின ஆராதனைகளில் வாசித்துக் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் பொருத்திக்கொள்கிறோம், பொருத்துவதில் தவறில்லை. ஆனால் அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது அந்தப் பட்டணம் பாபிலோன். எருசலேமின் மக்களை வாரிக்கொண்டு போனவர்களின் தலைநகரம் அது. இன்று பாக்தாத்துக்குத் தெற்கே இடிபாடுகளாகக் கிடக்கும் அந்த ஊருக்காகவே முதன்முதலில் அந்த ஜெபம் கேட்கப்பட்டது. அவ்வாறே நினிவேயும். அதன் சிதைந்த மதில்கள் ஈராக்கின் மோசூல் நகரத்துக்கு எதிரே, டைக்ரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கின்றன. அந்த நகரம் அழிக்கப்படவில்லையே என்று எரிச்சலடைந்து ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தவன் ஒரு தீர்க்கதரிசி. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனுஷரும் அநேக மிருகஜீவன்களும் அங்கே இருக்கிறார்களே என்று அவர்களுக்காகப் பரிந்து பேசியவர் கர்த்தர். அந்தக் கேள்விக்கு யோனா பதில் சொல்லாமலேயே புத்தகம் முடிந்துவிடுகிறது. பதில் சொல்லவேண்டியவர்களாக இன்று நாம் இருக்கிறோம்.

நினிவேயை மறவாத சபைகள் நம் அருகிலேயே உண்டு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் லூத்தரன், மெதடிஸ்ட் ஆலயங்களுக்கு அண்மையில், மலையாளிகள் வழிபடும் ஆர்த்தடாக்ஸ் சிரியன் ஆலயம் இருக்கிறது. நினிவே மக்களின் மனந்திரும்புதலை நினைத்து, தவக்காலத்துக்கு முன்னதாக மூன்று நாள் நோன்பு இருப்பது அவர்கள் மரபு. அதே நோன்பை ஈராக்கில் கல்தேய சபையாரும் அசீரிய சபையாரும் நூற்றாண்டுகளாக அனுசரித்து வருகிறார்கள். அவர்களில் பலருக்கு நினிவேச் சமவெளியே சொந்த ஊர். அந்தக் கீழைத் திருச்சபையின் தொடர்பு தமிழ் மண்ணுக்கும் புதிதல்ல. சென்னையின் பரங்கிமலைக் கோயிலில் இருக்கும் பழைய கற்சிலுவையைச் சுற்றிப் பாரசீகப் பாஹ்லவி எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மெசபடோமியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கடல் கடந்து வந்த விசுவாசிகளின் சுவடு அது. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தென்னாட்டில் கிறிஸ்துவின் நாமத்தைத் தொழுத அவர்களின் தாய்ச்சபை, இன்று குண்டுவீச்சை எதிர்பார்த்திருக்கும் நாட்டில் வேர்கொண்டது. அங்கே இருப்பவர்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். அவர்களுக்காகவும் கிறிஸ்து மரித்தார் என்பதே போதுமான காரணம். ஆயினும், அங்கே நம் சொந்த விசுவாசக் குடும்பத்தாரும் பல இலட்சம் பேர் இருக்கிறார்கள் என்பதை நம் சபையாரில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

போர் என்றால் என்ன என்பதை மலாயாத் தமிழர்கள் பிறர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 11ஆம் நாள் சப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மீது பறந்தபோது, அவை என்ன செய்யப்போகின்றன என்பதை அறியாத மக்கள் தெருக்களில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தின் மேலேயே குண்டுகள் விழுந்தன. 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் ஆலயமும் அந்தப் போரில் சேதமடைந்து, பின்னர் சூறையாடப்பட்டது. சில நாள்களில் ஆங்கிலேய அதிகாரிகள் ஐரோப்பியக் குடும்பங்களை இரகசியமாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, மற்றவர்களை விட்டுப்போனார்கள். அடுத்த ஆண்டிலிருந்து, சப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் பாதையின் வேலை தொடங்கியது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தண்டவாளத்தைப் போடுவதற்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் ஏற்றிச் செல்லப்பட்டு, வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். கஞ்சனாபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேசநாட்டுக் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதே பாதையில் இறந்த தமிழருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. டோக்கியோவிலும் இலண்டனிலும் எடுக்கப்பட்ட முடிவுகளின் விலையை, அந்த இரண்டு நகரங்களையும் கண்ணால் கண்டிராத பால்மரம் வெட்டுகிறவர்கள் செலுத்தினார்கள். பஸ்ராவிலும் மோசூலிலும் உள்ள எளியவர்களைக் குறித்து நாம் பேசுவதற்கு இந்த நினைவு போதும். கடந்த வளைகுடாப் போரில், 1991 பிப்ரவரி 13ஆம் நாள், பாக்தாத்தின் அமிரியா பதுங்கு கூடத்தில் இரவு தங்கியிருந்த நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இரண்டு குண்டுகளில் இறந்தார்கள்.

இனி, நேர்மையுள்ள எவரும் தாண்டிப் போக முடியாத கேள்விக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு இன்னொன்றுக்கும் நினைவு நாள். 1988ஆம் ஆண்டு இதே மார்ச் 16ஆம் நாளில் சதாம் உசேனின் படைகள் ஹலாப்ஜா என்ற குர்தியர் ஊரின் மீது நச்சு வாயுவை வீசின; ஏறத்தாழ ஐயாயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். இந்தக் கொடுங்கோலன் தொடர்ந்து ஆள வேண்டுமா, போர் வேண்டாம் என்பவர்கள் குர்தியரின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று உங்கள் சபையில் ஒருவர் கேட்டால், அவரை வாயடைக்கக் கூடாது. அவர் கேட்பது நீதியைக் குறித்த கேள்வி. ஈராக்கின் துணைப் பிரதமர் தாரிக் அசீஸ் கல்தேயக் கிறிஸ்தவர்; கடந்த மாதம் திருத்தந்தையைச் சந்தித்து, அசிசியிலும் போய் ஜெபித்தார். அதனால் அவர் சேவிக்கும் ஆட்சியின் கைகள் சுத்தமாகிவிடுவதில்லை. சமாதானத்தைப் பற்றிய நம் பிரசங்கத்தில் ஹலாப்ஜாவின் பெயர் வராவிட்டால், அது பாதி உண்மையைப் பேசும் பிரசங்கமாகவே இருக்கும்.

எல்லாப் போரையும் எல்லாக் காலத்திலும் மறுக்கும் மெனனைட் சபையாரைப் போல நாம் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவர்கள்மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு என்றாலும். லூத்தரன் சபைகளின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தன் 16ஆம் பிரிவில் நியாயமான போரில் கிறிஸ்தவன் பங்கேற்கலாம் என்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் 37ஆம் பிரமாணமும் அதற்கு இடங்கொடுக்கிறது. அகுஸ்தீனும் தாமஸ் அக்குவினாசும் வகுத்த அந்தப் பழைய மரபு போருக்குப் பல வாசற்படிகளை வைத்திருக்கிறது. தகுதியுள்ள அதிகாரம் அதை அறிவிக்க வேண்டும். காரணம் நியாயமாக இருக்க வேண்டும். மற்ற எல்லா வழிகளும் அடைபட்டிருக்க வேண்டும். விளையும் தீங்கு தடுக்கப்படும் தீங்கைவிடப் பெரிதாகிவிடக் கூடாது. எதிரி என்றாவது தாக்கக்கூடும் என்பதற்காக முந்திக்கொண்டு தாக்குவதை இந்த மரபு நியாயப்படுத்தியதில்லை. கடந்த நவம்பர் 8ஆம் நாள் பாதுகாப்பு மன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய 1441ஆம் தீர்மானத்தின்படி, பேரழிவு ஆயுதங்களைத் தேடும் ஆய்வாளர்கள் ஈராக்கில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். வேலையை முடிக்க ஆண்டுகள் வேண்டாம், வாரங்கள் போதா, மாதங்கள் வேண்டும் என்று அவர்களின் தலைவர் ஹன்ஸ் பிளிக்ஸ் கடந்த வெள்ளிக்கிழமைதான் அறிக்கை கொடுத்தார். நைஜரிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று அணுசக்தி முகமையின் தலைவர் எல்பராதே அதே அமர்வில் அறிவித்தார். வழிகள் எல்லாம் அடைபட்டுவிட்டன என்று இந்த நிலையில் யார் மனச்சாட்சியோடு சொல்ல முடியும்? ஹலாப்ஜாவின் பிள்ளைகள் இறந்தபோது வாளாவிருந்த அரசுகள், பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர்களுடைய பெயரால் பாக்தாத்தின் பிள்ளைகள்மேல் குண்டு வீச நினைத்தால், அந்தக் காரணத்தையும் நாம் சோதித்துப் பார்க்கவே வேண்டும்.

இதுவரை சொன்னதில் நம் நாட்டில் எவருக்கும் பெரிய மனத்தாங்கல் இருக்காது. அதுவே எனக்குக் கவலையளிக்கிறது. நம் அரசாங்கம் இந்தப் போரை எதிர்க்கிறது. கடந்த மாதம் கோலாலம்பூரில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சநிலை மாநாட்டில் பிரதமர் டாக்டர் மகாதீர் அந்த எதிர்ப்பைப் பலமாகவே வெளியிட்டார். நாளிதழ்கள், எதிர்க்கட்சிகள், பள்ளிவாசல்கள், கோயில்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன. இப்படிப்பட்ட நாட்டில் போர் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு கிறிஸ்தவன் எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை. மிகாயாவின் சொல் அவனுடைய ராஜாவின் விருப்பத்துக்கு மாறாக இருந்தது. நம்முடையதோ நம்மை ஆள்பவர்களின் கருத்தோடு ஒத்துப்போகிறது. அதனால் நம் சொல் பொய்யாகிவிடாது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதை நாம் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் கிறிஸ்தவர்கள் 9 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 2001 செப்டம்பரில் அதிபர் புஷ் தம் பயங்கரவாத எதிர்ப்பைச் சிலுவைப்போர் என்று குறிப்பிட்ட நாள்முதல், இது கிறிஸ்தவர்கள் முஸ்லிம்கள்மேல் தொடுக்கும் போர் என்று அண்டை அயலார் எண்ணிவிடுவார்களோ என்ற பயம் நம் உள்ளத்தில் இருக்கிறது. நாங்கள் அவர்களைச் சேர்ந்தவர்கள் அல்ல என்று காட்டிக்கொள்வதற்காக ஓர் அறிக்கை விடலாம் என்ற யோசனை எழுவது இயல்பே. ஆனால் பயத்தில் பிறந்த அறிக்கை, பயம் தீர்ந்ததும் மறந்துபோகும். நம் சமாதானம் ஈராக்கில் குண்டு விழுவதைப் பற்றி மட்டுமே பேசுமானால் அது கிறிஸ்துவின் சமாதானம் ஆகாது. 1960ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டிருப்பவர்களின் குடும்பங்களுக்காகவும் நாம் ஜெபிப்போமா? தடுப்பு முகாம்களில் அடைபட்டிருக்கும் குடியேறிகளுக்காக? 1987இல் அதே சட்டத்தின்கீழ் கைதானவர்களில் கிறிஸ்தவ ஊழியர்களும் இருந்தார்கள் என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அரசு விரும்பும் சமாதானத்தையும் விரும்பாத சமாதானத்தையும் ஒரே பீடத்திலிருந்து சொல்லும் சபையின் பேச்சை அயலார் நம்புவார்கள்.

அமெரிக்கர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நாள்களில் நம் பேச்சில் ஒரு ஜனத்தையே வெறுக்கும் தொனி கலந்துவிடுவதைக் கேட்கிறேன். 1885இல் சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய மெதடிஸ்ட் ஊழியத்தின் கனியாகவே நம் தமிழ் மெதடிஸ்ட் சபைகள் எழும்பின. நம்மில் பலரின் பாட்டன்மாரும் பாட்டிமாரும் எழுத்தறிந்தது அமெரிக்க மிஷனரிமார் நடத்திய பள்ளிகளில். அந்தக் கடனை நான் மறுக்க மாட்டேன். நமக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம், அதே சுவிசேஷத்தைக் கொண்டு உண்மையைச் சொல்வதே அந்தக் கடனைத் தீர்க்கும் வழி. பாலைவனத்தில் காத்திருக்கும் அந்த இளம் போர்வீரர்களில் பலர் ஞாயிறுதோறும் நம்மைப் போலவே திருவிருந்தில் பங்குபெறுகிறவர்கள். அவர்களுக்காகவும் அவர்களுடைய தாய்மாருக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்க முடியாதவர்கள் சமாதானத்தைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறார்கள்.

எனவே, ஐயாமார்களே, அம்மையார்களே, வருகிற ஞாயிறு யோனா 4ஆம் அதிகாரத்தையோ 1 இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தையோ ஆராதனையில் வாசித்துப் பிரசங்கிக்கும்படி வேண்டுகிறேன். பொது விண்ணப்பத்தில் ஈராக்கின் முஸ்லிம்களையும், கல்தேய, அசீரிய சபையாரையும், குர்தியரையும், அமெரிக்க, பிரிட்டிஷ் போர்வீரர்களையும் ஒருங்கே நினைவுகூருங்கள். ஹலாப்ஜாவில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் சபையாரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். போரை வரவேற்கும் கடைசிக்காலக் குறுந்தட்டுகள் சபை வளாகத்தில் விற்கப்படாதபடி மூப்பர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். தீர்க்கதரிசனத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு எரேமியாவின் கடிதத்திலிருந்து தொடங்கி ஒரு வேதபாட வகுப்பை நீங்களே நடத்தினால் மிகவும் நல்லது.

கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், லூத்தரன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்ற பிரிவு பாராமல், தமிழ்ச் சபைகள் சேர்ந்து தமிழிலேயே ஓர் அறிக்கையை எழுதித் தமிழ் நேசனுக்கும் மலேசிய நண்பனுக்கும் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் வெளிவரும் அறிக்கைகள் நம் தோட்டப்புறத்துச் சபையாரையும் சேருவதில்லை, நம் இந்து அயலாரையும் தமிழ் முஸ்லிம் அயலாரையும் சேருவதில்லை. ஜார்ஜ்டவுனில் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்திலிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நடந்தே போய்விடலாம். அறிக்கை அச்சில் வருவதற்கு முன்பாகவே, அந்தப் பள்ளிவாசலின் பெரியவர்களைப் பினாங்குச் சபைகளின் மூப்பர்கள் சிலர் நேரில் போய்க் கண்டு பேச வேண்டும் என்பது என் விருப்பம். அந்தப் பேச்சில் நாம் எதையும் மறுத்துக்காட்ட வேண்டியதில்லை. ஈராக்கியருக்காக இருவரும் வேண்டிக்கொள்கிறோம் என்று சொன்னால் போதும். தவக்காலக் காணிக்கையில் ஒரு பகுதியை, போர் வந்தாலும் வராவிட்டாலும், ஈராக்கின் எளியவர்களுக்கு மருந்தாகச் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். 1990 ஆகஸ்ட்டிலிருந்து நீடிக்கும் பொருளாதாரத் தடைகளால் அங்கே மருத்துவமனைகள் ஏற்கெனவே நலிந்துபோயிருக்கின்றன.

இந்த மடலின் பிரதிகளைப் பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் கோலாலம்பூரிலும் உள்ள சபை அலுவலகங்களுக்கு இன்றே அஞ்சலில் சேர்க்கிறேன். இதில் உங்களுக்கு உடன்பாடில்லாத பகுதிகள் இருந்தால், அவற்றையும் சபையாருக்கு முன்பாகவே பேசும்படி வேண்டுகிறேன். அறிக்கையில் கையெழுத்திட ஆயத்தமாயிருக்கும் போதகர்கள் சனிக்கிழமை மாலைக்குள் தங்கள் பேராயருக்கோ வட்டாரத் தலைவருக்கோ தெரிவித்தால், ஞாயிறு காலை ஆராதனைகளில் அதை வாசித்து அறிவிக்கலாம்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
பினாங்குத் தமிழ்ச் சபை ஒன்றின் ஞாயிறு பள்ளி ஆசிரியன்